ஏறாமல் இருந்திருக்கலாம்

பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு சொற்களை எழுதிவிட்டு ஜெசிந்தா திரும்பியபோது பதினெட்டுத் தலைகளும் நோட்டுக்குள் கவிழ்ந்திருந்தன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தமட்டுக்கும் நிம்மதி. மணி ஒன்பது பதினேழு. கோபேயிலிருந்து நிஷிமூரா பத்தரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், ஜப்பான்காரர் பத்தரை என்றால் பத்தரைதான், பத்து இருபத்தெட்டுக்கே போனுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவார், ஆக இன்னும் எழுபத்துமூன்று நிமிடம். அந்த எழுபத்துமூன்று நிமிடத்தைத் தள்ள அவள் கையில் இருப்பது இந்த நாலு சொல்தான். கமோஷிரெனாய், இருக்கலாம். தெஷோ, இருக்கும். ஹாஸு, இருந்தாக வேண்டும், ஏனென்றால் அப்படி நம்பக் காரணம் இருக்கிறது. நி சிகாய் நாய், இருந்தே தீரும், சந்தேகமே வேண்டாம். கோடம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஜப்பானிய முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் நர்ஸ் பெண்களுக்கு, இரண்டு வருடமாக இதே பாடத்தை இதே வரிசையில் நடத்திவருகிறாள். ஒருநாளும் இது அவளைத் தொட்டதில்லை. முன்வரிசை யாஸ்மின் கையைத் தூக்கிவிட்டாள். "சென்செய், இதுக்கெல்லாம் எத்தனை பர்சென்ட்?" எல்லா பேட்ச்சிலும் ஒருத்தி கேட்பாள். மற்ற நாளாக இருந்தால், இதென்ன ஆடித் தள்ளுபடியா என்று ஜெசிந்தா கேட்பாள், வகுப்பு சிரிக்கும், பர்சென்ட் எல்லாம் மனசுக்குக் கிடையாதும்மா என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போவாள். இன்றைக்கு வாயில் கேலி வரவில்லை. "கமோஷிரெனாய் ஐம்பது," என்றாள். ஐம்பது என்று பதினெட்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். ஐம்பதுதானா, முப்பதாக இருந்தால், இருபதாக இருந்தால் என்று அவளுக்குள் ஒன்று கிடந்து கேட்க ஆரம்பித்தது, அதன் வாயை மூட அவளால் முடியவில்லை.

காலை ஆறு இருபது. பால் பொங்குகிற நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. பெலிக்ஸ் சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர், மரக்கட்டை ஏற்றுகிற கப்பல், ஜப்பான் கம்பெனிக்குச் சொந்தம், ஆள் எடுத்துக் கொடுப்பது மும்பையில் ஓர் ஏஜென்ட். எதுவானாலும் மும்பைக்காரன்தான் பேசுவான். ஆனால் இந்த வீட்டில் ஜப்பான் மொழி தெரிந்த மனைவி இருக்கிறாள் என்று எந்தக் கோப்பிலோ எழுதிவைத்திருக்கிறார்கள், மும்பைக்காரனுக்குக் கைகழுவ வசதி, கோபேக்காரருக்குத் தன் மொழியிலேயே மன்னிப்புக் கேட்க வசதி, நேராக அவளுக்கே போட்டுவிட்டார்கள். படித்த படிப்புக்குக் கிடைத்த மரியாதை. நிஷிமூரா என்கிற அந்த மனிதர் முதலில் காலை வணக்கம் சொன்னார், விடியற்காலையில் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டார், பிறகு நடுக்கடலில் சரக்கு சரிந்து கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்ததையும், இருபத்தொரு பேரும் இறங்கும்படி உத்தரவானதையும், முதல் படகிலிருந்த பதினான்கு பேரை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டதையும், இரண்டாவது படகைத் தேடிக்கொண்டிருப்பதையும் சொன்னார். பெலிக்ஸைப் பெற்ற மாமி அடுப்படி வாசலில் வந்து நின்று, "என்னட்டி சொல்லுதான்?" என்றாள். அப்போதுதான் அது நடந்தது. ஜெசிந்தா பதினொரு வருடம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள், பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொல்கிறான் என்று கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், காது வாங்கும், வாய் கொடுக்கும், நடுவில் ஜெசிந்தா என்று ஒருத்தி தேவையே இல்லை. நிஷிமூரா அடுத்த வாக்கியத்தை முடித்ததும் அவள் வாய் தமிழில் சொல்லி முடித்தது. "பெலிக்ஸ் கொரேரா அவர்கள் முதல் படகில் ஏறாமல் இருந்திருக்கலாம்." நல்ல தெளிவான குரல், ஏற்ற இறக்கம் கிடையாது, பாராட்டு வாங்கிய குரல். மாமி பேந்தப் பேந்த விழித்தாள். "யாரைப் பத்திட்டீ சொல்லுத?" என்றாள். தன் வாய் சொன்னதைத் தன் காது தமிழில் கேட்ட பிறகுதான் ஜெசிந்தாவுக்கு அது தன் புருஷனைப் பற்றியது என்றே உறைத்தது, அவர்கள் என்று வேறு சொல்லியிருக்கிறாள், பன்னிரண்டு வருடம் கூடக் குடித்தனம் பண்ணினவனை.

அதைக்கூட மன்னித்துவிடலாம், அதற்கடுத்துச் செய்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தக் கேள்வி கிடையாது, கேட்கிறவர் கேட்டதைத்தான் கேட்கவேண்டும், குறுக்கே புகுந்து உங்கள் சந்தேகத்தையெல்லாம் தீர்த்துக்கொள்ளக் கூடாது என்று. நிஷிமூரா சொல்லி முடித்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். மூன்று விநாடியோ நான்கோ. இப்போது பலகைக்கு முன்னால் நின்று யோசித்தால் அந்த மௌனம் என்னவென்று பளிச்சென்று தெரிகிறது, அவர் காத்திருந்தார், மனைவி என்கிறவள் இனிக் கேட்பாள், அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தார். இவளும் காத்திருந்தாள், கேட்கவேண்டியவர் யாரோ கேட்கட்டும், மொழிபெயர்க்கலாம் என்று. யாரும் கேட்கவில்லை. "விவரம் புரிந்தது, தாங்கள் சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி," என்று சொல்லி, கேஸ் சிலிண்டரைப் பார்த்துக் குனிந்து வணங்கி, போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு எல்லாக் கேள்வியும் வந்தது. யார் பார்த்தது, யார் சொன்னது, ஏறாமல் இருந்திருக்கலாம் என்றால் ஏறவில்லை என்று பதினான்கு பேரில் ஒருவராவது சொன்னாரா, அல்லது பட்டியலில் பெயர் விடுபட்டதா, இரண்டாவது படகில் ஏறினாரா, அந்தப் படகு இறங்கியதா. திரும்பக் கூப்பிட்டாள். ஒரு பெண்பிள்ளை எடுத்து, மிகவும் வருந்துகிறேன், அதற்குப் பொறுப்பானவர் இருக்கையில் இல்லை, நிலவரம் தெரிந்ததும் உங்கள் நேரம் பத்தரைக்கு அவரே அழைப்பார் என்றது. எத்தனை தடவை கேட்டாலும் அதே வாக்கியம், அதே மரியாதை, ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. சுவரிலாவது முட்டிக்கொள்ளலாம், அந்த மரியாதையில் முட்டிக்கொள்ளவும் முடியாது.

"வாக்கியம் அமைங்க," என்று வகுப்பிடம் சொன்னாள். "நாளைக்கு மழை பெய்யலாம். அவர் வராமல் இருக்கலாம். அந்த மாதிரி." நாற்காலியில் உட்கார்ந்தாள், மேஜையில் போன் மல்லாந்து கிடந்தது. பிள்ளைகளின் போனையெல்லாம் வாசலில் கூடையில் போட்டுவிட்டு வரச் சொல்கிறவள் அவள்தான், இன்றைக்கு அவளுடையது மட்டும் மேஜைக்கு வந்திருப்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், கேட்கத்தான் தைரியமில்லை. ஒன்பது முப்பத்தொன்று. இந்த மொழியில் அவளுக்குத் தெரியாதது ஒன்றிருந்தால் அது கமோஷிரெனாய் இல்லை. ஒரகடத்தில் அவள் பிழைத்ததே அதை வைத்துத்தான். ஜப்பானிய மேலாளர், "சற்றுக் கடினமாக இருக்கலாம்," என்பார், நம் எஞ்சினியர்கள் குஷியாகிவிடுவார்கள், இருக்கலாம் என்றுதானே சொல்கிறார், பேசிப் பார்க்கலாம் என்று. அவள்தான் காதோடு சொல்லுவாள், சார், அவர் முடியாதுன்னு சொல்லிட்டார், முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க சார், மெத்துன்னு சொல்லுவாங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பாள், ஒருதடவையும் தப்பினதில்லை, அதற்காகவே அவளைக் கூட்டத்துக்குக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அப்படியானால் காலையில் நிஷிமூரா சொன்னது எது? நிஜமாகவே தெரியாததால் சொன்ன இருக்கலாமா, தெரிந்துகொண்டு மெத்தென்று சொன்ன இருக்கலாமா? அவர் குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சொல்லுக்கு முன்னால் மூச்சை இழுத்தாரா, அவர்கள் பல்லுக்கிடையில் ஒரு காற்று இழுப்பார்களே, அது வந்தால் முடிந்தது, வந்ததா? வந்த மாதிரியும் இருந்தது. பால் பொங்கின சத்தம் மாதிரியும் இருந்தது. நினைக்க நினைக்க, நடந்ததும் அவளாகச் சேர்த்ததும் ஒன்றாகக் குழம்பிப்போய், இப்போது அவர் குரலே நினைவில் இல்லை, தன் குரல்தான் இருக்கிறது, அவர்கள் என்று சொன்ன குரல்.

யாஸ்மின் எழுதிய வாக்கியத்தைக் காட்டினாள். தமிழில்தான் முதலில் எழுதியிருந்தாள், நான் ஜப்பான் போகலாம் என்று. "சென்செய், இது போறதுக்கு சான்ஸ் இருக்குன்னு அர்த்தமா, போறதுக்கு பர்மிஷன் குடுத்துட்டாங்கன்னு அர்த்தமா? தமிழ்ல ரெண்டுக்கும் லாம்தானே வருது?" நல்ல கேள்வி, கெட்டிக்காரப் பெண், திங்கட்கிழமை நேர்முகத் தேர்வில் இவளை முதலில் எடுத்துக்கொள்வார்கள். "ஜப்பானிய மொழில அனுமதிக்குத் தனியா வேற இருக்கு, கமோஷிரெனாய்ல அனுமதியே கிடையாது," என்று ஜெசிந்தா விளக்கினாள். "பிரிச்சுப் பார்த்தா, அறிய முடியாதுன்னுதான் அதுக்கு அர்த்தம்." சொல்லிவிட்டுத் தமிழில் மாட்டிக்கொண்டாள். பெலிக்ஸ் உயிரோடு இருக்கலாம். யார் அனுமதிக்கிறது? யாரிடம் போய்க் கேட்டால் தருவார்கள்? மாமி வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் திகைப்புத் தீர்ந்ததும் மாமி ஒரு கேள்வி கேட்டாள், பதினொரு வருட அனுபவத்தையும் ஒரே போடாகப் போட்ட கேள்வி. "ஏறாம இருந்திருக்கலாம்னா, ஏறியும் இருந்திருக்கலாம்தானட்டி?" ஆமாம் மாமி என்றாள், வேறென்ன சொல்வாள். ஏழு மணிக்கு மாமி தூத்துக்குடியில் இருக்கும் தன் தங்கச்சியிடம் போனில் பேசினபோது அது ரெண்டாவது படகில் ஏறியிருப்பான் என்று ஆகியிருந்தது. எட்டு மணிக்கு அந்தத் தங்கச்சி வீட்டிலிருந்து போனில் அதே பேச்சு திரும்பி வந்தபோது பெலிக்ஸ் ரெண்டாவது படகுல இருக்கானாம், படகைப் பார்த்துட்டாங்களாம் என்று ஆகிவிட்டது. யார் சொன்னதாம் என்று கேட்க ஆளில்லை. மாமி அதைத் தான் கிளப்பிவிட்ட பேச்சு என்று அறியாமல் வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்து, "இப்பதான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு," என்று காபி போடப் போனாள். அதற்குமேல் அந்த வீட்டில் ஜெசிந்தாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டாள்.

போன் அதிர்ந்தது. பதினெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. கோபே இல்லை, சண்முகக்கனி. காலையிலிருந்து நாலாவது தடவை. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண், அவள் புருஷன் முத்துமாலை அதே கப்பலில் சமையல்கூட உதவியாளர், இருபத்தொரு பேரில் தமிழர் என்று பெலிக்ஸும் அவனும்தான். முத்துமாலை வைக்கிற ரசத்தைப் பற்றி பெலிக்ஸ் போனில் வாய் ஓயாமல் பேசுவான், நீ வைக்கிறது ரசமில்லை, வெந்நீர் என்று இவளைச் சீண்டுவான், அந்த வழியில்தான் இரண்டு பெண்களும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்துக்கொண்டார்கள். மும்பைக்காரன் சண்முகக்கனியிடம் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான், அவளுக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, ஜெசிந்தாதான் தெரியும். "அக்கா, ஏதும் தெரிஞ்சுதாக்கா?" இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுகிறவள் போல உரக்கப் பேசுவாள். "இல்லம்மா, பத்தரைக்குக் கூப்பிடுவாங்க." "அவிய இருப்பாவல்லாக்கா?" "இருக்கலாம்மா." ஏழு மணிக்கும் இதே பதில், எட்டுக்கும் இதே பதில். ஒவ்வொரு தடவையும் சண்முகக்கனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள், "இருக்கலாம்னு சொல்லுதீயளாக்கா, சரிக்கா, அது போதும்க்கா," என்கிறாள். நிஷிமூரா தனக்குச் செய்ததைத் தான் இவளுக்குச் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் இல்லை. வேறு சொல் இல்லை, என்ன செய்வாள். போனைத் திரும்ப மல்லாத்தினாள். ஒன்பது ஐம்பத்தாறு.

பெலிக்ஸுக்கு இந்தப் பாஷையே பிடிக்காது. உங்க ஜப்பான்காரனுக்கு ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிருமா என்பான். எஞ்சின் அறைக்காரன் அல்லவா, ஓடுகிறது ஓடவில்லை என்ற இரண்டுதான் அவனுக்கு. கிளம்புகிற அன்றைக்கு ஜூன் பதினாலாம் தேதி வந்துருவேன் என்பான், பார்க்கலாம் என்று இவள் சொன்னால், என்ன பார்க்கலாம், வந்துருவேன்னு சொல்றேன்ல என்று முறைப்பான். வந்தும்விடுவான். அந்த உறுதிதான் இப்போது பயமுறுத்துகிறது, ஏனென்றால் அப்படிப்பட்டவன் படகில் ஏறாமல் இருந்திருக்கக் காரணம் அவளுக்குத் தெரியும், நிஷிமூராவுக்குத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸை மூடினோமா என்று இறங்கிப் போய்ப் பார்க்கிற ஆள் அவன். மூடிட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் போவான். ஆட்டோக்காரர் திட்டுவார், மாமி திட்டுவாள், அவன் பாட்டுக்கு மாடி ஏறிப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். கப்பல் சாய்கிறது, எல்லாரும் இறங்குங்கள் என்று மணி அடிக்கிறது, அவன் கீழே போயிருப்பான். எதையோ மூடியாயிற்றா என்று பார்க்கப் போயிருப்பான். போயிருக்கலாம் இல்லை, போயிருப்பான், போகாமல் இருந்தால் அது பெலிக்ஸ் இல்லை. பலகையில் மூன்றாவது வரியைப் பார்த்தாள். ஹாஸு. காரணம் தெரிந்து சொல்வது. எழுந்துபோய் அதை மட்டும் அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் கை பரபரத்தது. என்ன பைத்தியக்காரத்தனம், பாடத்தில் இருக்கிறது, தேர்வில் கேட்பார்கள். இப்படி உட்கார்ந்தபடியே ஒரு மனுஷனைப் படியிறக்கி எஞ்சின் அறைக்கு அனுப்புகிறோமே, அவன் பாட்டுக்கு ஏதோ படகில் குளிரில் நடுங்கிக்கொண்டு இருப்பானாக இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் அவன் படியிறங்குவது நிற்கவில்லை, கைப்பிடிக் கம்பியில் அவன் கை வழுக்குவதுவரை தெரிந்தது.

பத்து பதினாறுக்கு நடிப்புப் பயிற்சி. ஒருத்தி நர்ஸ், ஒருத்தி முதியவரின் மகள், ஜப்பானிய மொழியில் பேசவேண்டும். யாஸ்மின்தான் நர்ஸ். மகளாக வந்த பெண் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே கேட்டாள், "அப்பா குணமாகிவிடுவாரா?" யாஸ்மின் திணறினாள், தமிழுக்குத் தாவினாள். "சென்செய், அவர் குணமாக மாட்டாருன்னு நமக்குத் தெரியும்னு வைங்க. சார்ட்ல பார்த்துட்டோம். அப்ப என்ன சொல்லணும்? பொய் சொல்லலாமா?" வகுப்பு முழுக்க ஜெசிந்தாவைப் பார்த்தது. காலையிலிருந்து முதல்முறையாக எல்லாரும் முகத்தைப் பார்க்கிறார்கள். "நீங்க சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும். உங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியாதுன்னுதான் நிக்கணும்," என்றாள். "அவங்க அழுதா?" "பக்கத்துல நில்லுங்க." "கமோஷிரெனாய் சொல்லலாமா சென்செய்?" "சொல்லலாம்." "அப்ப அவங்க ஐம்பது பர்சென்ட்னு நம்பிருவாங்களே." கீழே மருந்துக்கடையில் ஷட்டரைப் பாதி ஏற்றும் சத்தம் கேட்டது. "நம்பட்டும்மா," என்றாள் ஜெசிந்தா. "கொஞ்ச நேரம் நம்பட்டும்." அது எந்தப் பாடத்திலும் இல்லாத பதில், யாஸ்மின் அதையும் எழுதிக்கொண்டாள்.

சரியாகப் பத்தரைக்குப் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள், மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் நின்றாள். நிஷிமூரா வணக்கம் சொன்னார், வேலை நேரத்தில் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒருவரைக் கடலிலிருந்து மீட்டிருப்பதாகச் சொன்னார், உயிரோடு இல்லை என்றார். ஜெசிந்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையையும், மீட்கப்பட்டவர்களில் இருவர் பார்த்துச் சொன்னதையும் கொண்டு, முத்துமாலை அவர்கள் என்று உறுதிசெய்திருக்கிறோம் என்றார். அந்த வாக்கியத்தில் லாம் இல்லை, கூடும் இல்லை, போல இல்லை. உறுதிசெய்தோம், முடிந்தது. ஜப்பானியர்கள் இவ்வளவு நேராகவும் பேசுவார்கள். அப்போது ஜெசிந்தாவுக்குள் சந்தோஷம் வந்தது. உள்ளங்கால்வரை வந்தது, பெலிக்ஸ் இல்லை, பெலிக்ஸ் இல்லை என்று உடம்பு முழுக்கக் குதித்தது, நன்றி என்றே சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று புரிந்து வெட்கத்தில் முகம் எரிந்தது. இந்தத் தடவை விடவில்லை, கேட்டாள், சொந்தக் கேள்வி, ஜப்பானியரிடம் யாரும் கேட்காத மாதிரி முரட்டுத்தனமாகக் கேட்டாள். "என் கணவர் உயிரோடு இருக்கிறாரா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்." நிஷிமூரா பல்லுக்கிடையில் மூச்சை இழுத்தார். இழுத்தது சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது. "இரண்டாவது படகில் இருக்கலாம்," என்றார். காலையிலிருந்து அவள் வெறுத்த சொல். அதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்று பயந்து, அவசரம் அவசரமாக, "நன்றி, மிக்க நன்றி," என்றாள். அவர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். முத்துமாலை அவர்களின் மனைவிக்கு எங்களுக்குத் தெரிந்த மொழி எதுவும் தெரியாது, மும்பை அலுவலகத்திலிருந்து ஆள் போய்ச் சேரச் சாயங்காலமாகும், அதற்குள் அவர் வேறெங்கோ கேட்டுவிட்டால் நன்றாக இராது, மிகவும் வருந்துகிறேன், தாங்கள் தெரிவிக்க இயலுமா? மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டால் இயலும் என்றுதான் பதில். இயலும் என்றாள்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் சண்முகக்கனி எடுத்துவிட்டாள். "அக்கா!" காலையில் அவர்கள் என்று தானாக ஓடிய வாய் இப்போது ஓடவில்லை. வாக்கியம் தயாராக இருந்தது, எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது, ஒரு சொல்கூட இடறாமல் சொல்லிவிட முடியும். "கனி," என்றாள், அதோடு நின்றுவிட்டது. "போன் வந்துட்டாக்கா?" "வந்துச்சும்மா." அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், கதவைச் சாத்தும் சத்தம். உரக்கவே பேசும் அந்தக் குரல் தாழ்ந்து வந்தது. "அக்கா, ஒண்ணும் சொல்லாதீய. எங்க வைஷு பன்னெண்டாப்பு பரீட்சைக்குப் போயிருக்கா. ஒண்ணேகாலுக்குத்தான் விடுவாவ. காலைல போவ மாட்டேன்னு அழுதா. ஜப்பான் தெரிஞ்ச அக்காவே அப்பா இருக்கலாம்னு சொல்லிருக்காவன்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன்." ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க மூச்சிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. வாயால மட்டும் சொல்லிராதீய. நீங்க சொல்லிட்டா நான் கத்திருவேன், நான் கத்துனா தெருவே கூடிரும், பள்ளிக்கூடம் வரைக்கும் போயிரும். ஒண்ணேகால் வரைக்கும் தெரியலன்னே இருக்கட்டும்க்கா. கேக்கேன், சொல்லுங்க. அவியளப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா?"

"தெரியலம்மா," என்றாள் ஜெசிந்தா.

"சரிக்கா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "பெலிக்ஸ் அண்ணன்?"

"அதுவும் தெரியலம்மா."

"இருப்பாவ அக்கா," என்றாள் சண்முகக்கனி. "அண்ணன் கண்டிப்பா இருப்பாவ." போனை வைத்துவிட்டாள். ஜெசிந்தா அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள், காலையிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது.